பட்டயம் என்றால் என்ன, அதை எப்படிப் படித்துப் பதிவது: கொங்கு நாட்டில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இணையத்தில் 'பட்டயம்' என்று தேடினால் பாலிடெக்னிக் சேர்க்கை வந்து நிற்கும். பட்டயப் படிப்பு, பட்டயக் கணக்காளர் என்று நீளும். இன்னும் கீழே போனால் பைபிள் வசனங்கள். தமிழ் பைபிளில் பட்டயம் என்றால் வாள். நமக்கு வேண்டியது இவற்றில் எதுவும் இல்லை. காங்கேயத்துப் பக்கமோ தாராபுரத்துப் பக்கமோ ஒரு கிராமத்துக்குப் போய், "கோயிலுக்குப் பட்டயம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டால் பெரியவர்களுக்குச் சட்டென்று புரிகிறதே, அந்தப் பட்டயம்.

ஊர் வரலாறு, குலக்கோயில் வரலாறு எழுதலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொல்லியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், ஒரு நல்ல செல்போன் வேண்டும், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் நேரம் வேண்டும். அது ஏன் நான்கு மணி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பிடியுங்கள்

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி எல்லாம் எழுதப்பட்ட பொருளை வைத்து வந்த பெயர்கள். பட்டயம் என்பது செய்த காரியத்தை வைத்து வந்த பெயர். ஒருவர் இன்னொருவருக்கு ஓர் உரிமையை எழுதிக் கொடுத்தால், அல்லது பத்துப் பேர் கூடி ஒரு முடிவுக்கு வந்து அதை எழுதிவைத்தால், அது பட்டயம். செம்பில் எழுதினால் செப்புப் பட்டயம், ஓலையில் எழுதினால் ஓலைப் பட்டயம், காகிதத்தில் என்றால் காகிதப் பட்டயம். செம்பு இல்லையே என்று பழைய காகிதக் கட்டை ஒதுக்கிவிடாதீர்கள். செப்புப் பட்டயத்தைப் பார்த்து எழுதிய நகல் காகிதத்தில் இருக்கும். மூலம் எங்கோ போயிருக்கும்.

நிலப் பட்டா என்கிறோமே, அந்தப் பட்டாவும் இதே குடும்பத்துச் சொல்தான். பட்டாவைக் கையில் வாங்கியதும் என்ன பார்ப்பீர்கள்? யார் பெயரில் இருக்கிறது, எந்த இடம், எவ்வளவு. பட்டயத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ராஜா யார், போர் எது என்று தேடி, முதல் பத்து வரிகளில் ராஜாவின் விருதுப் பெயர்களைப் பார்த்துப் பூரித்துப்போய், விஷயம் இருக்கிற பின்பாதியைச் சரியாகப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பட்டயம் எழுதியவர் வரலாறு எழுத உட்காரவில்லை. நாளைக்குத் தகராறு வரக்கூடாது என்றோ, வந்த தகராறு தீர்ந்தது என்றோ எழுதினார். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, குருக்கள் மடத்துக்கு வீட்டுக்கு எத்தனை பணம், எந்தத் தொழில் செய்பவர்கள் எந்தக் கோயிலுக்கு என்ன கொடுப்பது, இவைதான் கொங்குப் பட்டயங்களின் சங்கதி. நமக்கு வரலாறு கிடைப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள்ளிருந்துதான்.

இந்தப் பகுதிப் பட்டயங்களை வீடு வீடாகப் போய்த் தேடிப் படித்து அச்சில் ஏற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஈரோட்டுப் புலவர் செ. இராசு. உங்கள் ஊர்ப் பட்டயம் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறதா என்று அவருடைய தொகுப்புகளில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாதி வேலை மிச்சமாகலாம்.

கேட்கிற விதம்

பட்டயம் யாரிடம் இருக்கும்? கோயில் பூசாரி, காணியாளர் (ஊரிலும் கோயிலிலும் பரம்பரை உரிமை உள்ளவர்) குடும்பத்துப் பெரியவீடு, ஊர்க்கவுண்டர் வீடு, பழைய கணக்கப்பிள்ளை குடும்பம், குலகுரு மடம். கைத்தொழில் செய்கிற சமூகங்களிடமும் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அட்டாலியில், அதாவது பரண்மேல், ஒரு மரப்பெட்டிக்குள் மஞ்சள் துணியில் சுற்றியிருக்கும்.

நான் முதன்முதலில் ஒரு பெரியவரிடம் போய்ப் படபடவென்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருக்குதுங் தம்பி. ஆனா நோம்பிக்குத்தான் பொட்டியத் தொறக்கோணும். இன்னைக்கு என்ன, செவ்வாயா?" என்றார். செவ்வாய்தான். "அடுத்த அம்மாவாசைக்கு வாங்க, பாக்கலாம்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த அமாவாசைக்குப் போனேன். பெட்டிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் திறந்தார்.

இதை நேர விரயம் என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டில் அது சாமி. எடுத்தவுடன் வெளியே கொண்டுபோகக் கேட்காதீர்கள், அங்கேயே திண்ணையில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். நிலத் தகராறு நடக்கிற குடும்பம் என்றால் ஒரு தரப்பிடம் மட்டும் பேசிவிட்டு வருவதும் ஆபத்து. 'தம்பி அவங்களுக்கு சாட்சி சொல்ல வந்தவரு' என்று பேச்சாகிவிடும். அப்புறம் அந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது.

கையில் வந்ததும்

துலக்காதீர்கள். செம்பு கறுத்திருந்தால் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று வீட்டில் யாராவது கிளம்புவார்கள். வேண்டாம் என்று கும்பிட்டுத் தடுங்கள். கறுப்போடு சேர்ந்து எழுத்தின் விளிம்பும் மழுங்கும். வருஷா வருஷம் ஆடியில் துலக்கித் துலக்கி வழவழவென்று ஆன ஏட்டைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பாக இருக்கும், படிக்க முடியாது. காகிதம் என்றால் லேமினேஷன் செய்யக்கூடாது, செலோடேப் ஒட்டக்கூடாது. ஓலை என்றால் மடக்கக்கூடாது, எண்ணெய் தடவுவதெல்லாம் தெரிந்தவர்கள் வேலை.

படம் எடுக்கத்தான் அந்த நான்கு மணி. உச்சி வெயிலில் கீறல் எழுத்து தெரியாது. பிளாஷ் போட்டால் செம்பு கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் கிடைக்கும், எழுத்து எழுந்து நிற்கும். வெயில் இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு ஒரு டார்ச்சை ஏட்டின் விளிம்போரம் தரையோடு தரையாகப் பிடியுங்கள். இடப்பக்கம் வைத்து ஒரு படம், மேல்பக்கம் வைத்து ஒன்று, வலப்பக்கம் வைத்து ஒன்று. ஒரு வெளிச்சத்தில் மறைகிற கோடு இன்னொன்றில் தெரியும். முதலில் முழு ஏடு, பிறகு நான்கு நான்கு வரியாக. ஓரத்தில் ஒரு ஸ்கேல். பின்பக்கத்தை மறக்காதீர்கள். பிற்காலச் செப்புப் பட்டயங்களில் மேலே ஒரு கைப்பிடி மாதிரி நீட்டமும், அதில் ஓட்டையும், சூரியன் சந்திரன் சூலம் போன்ற உருவங்களும் இருக்கும், அவற்றையும் எடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப்போய், பூதக்கண்ணாடி வைத்தாலும் பயன் இல்லை.

படிப்பது

எழுத்து தமிழ்தான். 17, 18ஆம் நூற்றாண்டுப் பட்டயம் என்றால் எழுத்துகளை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். தடுக்கி விழ வைப்பவை மூன்று நான்கு விஷயங்கள்.

ஒன்று, புள்ளி இருக்காது. 'கொங்கு' என்பது 'கொஙகு' என்றுதான் தெரியும். இரண்டாவது, குறில் நெடில் எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இருக்காது. 'கோயில்' என்பதை 'கொயில' என்றுதான் எழுதியிருப்பார்கள். மூன்றாவதுதான் பெரிய குழி. துணைக்காலும் ர என்ற எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும்.

அந்தக் குழியில் நானே விழுந்தேன். ஒரு காகிதப் பட்டயத்தில் நான்கு எல்லை சொல்கிற இடம். 'வடக்கெல்லை' என்பதற்குப் பிறகு க, அதன்பின் ஒரு நெட்டைக் கோடு, அப்புறம் டு. 'கரடு' என்று படித்தேன், அதாவது சிறு குன்று. கொங்கில் கரடுக்கா பஞ்சம், பொருத்தமாகத்தான் இருந்தது. ஊருக்கு வடக்கே கரடு தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொபெட்டில் சுற்றினேன். தரை உள்ளங்கை மாதிரி கிடக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தாவிடம் கேட்டேன். "இங்கெங்கீங் சாமி கரடு? இந்தப் பக்கமெல்லாம் காடுதானுங்" என்றார். காடு! க, கால், டு. கொங்கில் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை, மழையை நம்பி விதைக்கிற புஞ்சை என்று தெரிந்திருந்தும் அந்தக் கோட்டைக் காலாகப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து சந்தேகமான எழுத்து வந்தால் இரண்டு வாசிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். இடத்தைப் பார்த்த பிறகுதான் ஒன்றை அடிப்பேன்.

நான்காவது, எண்கள். தமிழ் எண்ணும் தமிழ் எழுத்தும் ஒன்றுபோல் தெரியும். ௧ என்பது க மாதிரி, ௨ என்பது உ மாதிரி, ௭ என்பது எ, ௮ என்பது அ, ௰ என்பது ய. தொடக்கத்தில் இருக்கிற உ பிள்ளையார் சுழி, அதை இரண்டு என்று படித்துவிடாதீர்கள். ௱ நூறு, ௲ ஆயிரம். அப்புறம் குறியீடுகள்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. இவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி எடுக்கும்போது மூலத்தில் உள்ள வரி எங்கே முடிகிறதோ அங்கேயே உங்கள் வரியையும் முடித்து, வரி எண் போடுங்கள். பிழையைத் திருத்தாதீர்கள். 'சகாற்த்தம்' என்று இருந்தால் 'சகாற்த்தம்' என்றே எழுதுங்கள். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், ஊகத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். திருத்திய, எளிய தமிழ் வடிவத்தைத் தனியாக இன்னொரு தாளில் எழுதலாம்.

காலக் கணக்கு

பயிற்சிக்கு நானே எழுதிய ஒரு மாதிரி வரி:

சாலியவாகன சகாற்த்தம் ௲௬௱௫௰ கலியுக சகாற்த்தம் ௪௲௮௱௨௰௯ இதன் மேல் செல்லாநின்ற கீலக வருஷம் தை மாதம்

சக ஆண்டு 1650. அதோடு 78 கூட்டினால் 1728. கலி ஆண்டு 4829. அதில் 3101 கழித்தாலும் 1728. இரண்டும் ஒத்துப்போகின்றன. 'இதன் மேல் செல்லாநின்ற' என்றால் அந்த எண்ணிக்கை முடிந்து இப்போது நடந்துகொண்டிருக்கிற என்று பொருள். இனி கீலக வருஷத்தைச் சரிபார்க்க வேண்டும். அறுபது வருஷச் சுற்றில் முதலாவது பிரபவ. 1687, 1747, 1807, 1867, 1927, 1987 எல்லாம் சித்திரையில் பிரபவ தொடங்கிய ஆண்டுகள். கீலக 42ஆவது, 1687உடன் 41 கூட்டினால் 1728. சரி. ஆனால் மாதம் தை. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தையும் மாசியும் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் போய்விடும். ஆக இது 1729. புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கடைசிப் படிதான்.

ஓர் ஆண்டு முன்பின் இருந்தால் பரவாயில்லை, எழுதியவர் கணக்கில் அப்படி நேர்வது உண்டு. சக ஆண்டும் வருஷப் பெயரும் இருபது முப்பது ஆண்டு விலகி நின்றால் உஷாராகுங்கள்.

வெறும் வருஷப் பெயர் மட்டும் இருந்தால்? 'தாது வருஷம்' என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1696, 1756, 1816, 1876, 1936 எதுவாகவும் இருக்கலாம். அப்போது உள்ளே இருக்கும் சொற்களைப் பாருங்கள். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) என்று வந்தால், திப்பு விழுந்த 1799க்குப் பிறகு இந்தப் பக்கம் கும்பினி ஆட்சி என்பதால், முதல் இரண்டையும் தள்ளலாம். பஞ்சம், வெளியூர் போனது, கஞ்சித்தொட்டி என்று பேச்சு வந்தால் 1876 தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தின் கதை கொங்குக் கிழவிகள் வாயில் வெகுகாலம் இருந்தது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேளுங்கள், அவர்களுடைய அப்பத்தா சொன்னதாக ஏதாவது வரும்.

ஊரும் காணியும்

இடப்பெயரை இன்றைய மாவட்டத்தோடு பொருத்த முயலாதீர்கள். கொங்கு 24 நாடுகளாகப் பிரிந்திருந்தது. பட்டயம் அந்தக் கணக்கில்தான் பேசும். பூந்துறை நாடு, காங்கேய நாடு, பொன்கலூர் நாடு, ஆறை நாடு, குறுப்பு நாடு என்று வரும். பூந்துறை நாட்டிலேயே காவிரிக்கு இந்தப் பக்கம் மேல்கரை, அந்தப் பக்கம் கீழ்க்கரை. திருச்செங்கோடு கீழ்க்கரைப் பூந்துறை நாட்டில் வரும். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் படித்தால், பக்கத்து ஊரையே எங்கோ தூர தேசம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்து, 'காணி' என்ற சொல். கணக்கில் காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. நிலப் பேச்சில் அது ஒரு நில அளவு. கொங்குப் பட்டயத்திலோ பெரும்பாலும் ஓர் ஊரிலும் அதன் கோயிலிலும் பரம்பரையாக வருகிற உரிமை. 'இன்ன ஊர்க் காணி' என்றால் நிலம் எத்தனை என்று தேடாதீர்கள், கோயிலில் யாருக்கு என்ன பாத்தியம் என்று தேடுங்கள். பல ஊர்களில் அம்மனுக்கே காணியாச்சி என்று பெயர் வந்ததற்கும் இந்தச் சொல்தான் வேர். 'வள்ளம்' என்று வந்தாலும் நின்று பாருங்கள்: தானியம் அளப்பதற்கும் வள்ளம் உண்டு, நிலத்துக்கும் வள்ளக் கணக்கு உண்டு.

கடைசியில் சாபம் வரும். இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் நினைத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று. கல்லும் காவேரியும், புல்லும் பூமியும் உள்ளவரை என்றும் வரும். இவை எல்லாப் பட்டயத்துக்கும் பொதுவான வாசகங்கள். உங்கள் ஊருக்கு மட்டும் தனியாக யாரும் சாபம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வரும் சாட்சிகளின் பெயரையும் எழுதியவர் பெயரையும் நிதானமாகப் படியுங்கள். என்னைக் கேட்டால் பட்டயத்தில் மிக உண்மையான பகுதி அதுதான்.

எங்கே சந்தேகப்பட வேண்டும்

ராஜா பெயரை ஆண்டோடு ஒட்டிப் பாருங்கள். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. நம் மாதிரி வரியின் 1729இல் அவர் ஆட்சி நடப்பதாக இருந்தால் ஏதோ இடிக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் மைசூர் உடையார் பெயர்தான் வர வேண்டும். இடித்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பழுதான பழைய பட்டயத்தைப் பின்னால் ஒருவர் புதிதாக எழுதும்போது தெரிந்த பெரிய ராஜா பெயரைச் சேர்த்திருக்கலாம். வழக்குக்காகவே பிறகு எழுதிவைத்ததும் உண்டு. இடிக்கிறது என்று குறித்துவையுங்கள், அது போதும்.

இன்னொரு சந்தேகம் உங்கள் மேலேயே வர வேண்டும். எல்லோருக்கும் தன் பாட்டன் படை நடத்தியவர் என்று படிக்கத்தான் ஆசை. நம் ஊரில் இந்த ஆசைக்குக் குறைவே இல்லை. சொந்தக் குலத்துப் பட்டயத்தைப் படித்து முடித்ததும், வேறு சமூகத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடிமை, ஆள், மரியாதை பற்றிய வரிகள் இருந்தால் மறைக்காமல் படியெடுங்கள், ஆனால் இன்றைக்கு இருக்கிற குடும்பங்களின் பெயரோடு முடிச்சுப் போட்டு வெளியிடாதீர்கள்.

சட்டமும் ஒப்படைப்பும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்தது தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 வருஷம். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணிலிருந்து கிடைத்தது என்றால் அது புதையல் சட்டத்தில் வரும். தாசில்தாரிடமோ கலெக்டர் அலுவலகத்திலோ சொல்லிவிட வேண்டும். 'நல்ல விலை தருகிறேன்' என்று வருகிற ஆளிடம் படம்கூடக் காட்டாதீர்கள்.

படிக்க முடியாமல் நின்றுபோனால் ஈரோடு, கோயம்புத்தூர் அரசு அருங்காட்சியகங்களிலோ மாநிலத் தொல்லியல் துறையிலோ கேட்கலாம். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் தனித்தனித் துறைகளே இருக்கின்றன. நல்ல படமும் உங்கள் அரைகுறைப் படியும் சேர்த்து எடுத்துப்போங்கள். வெறுங்கையோடு போய் 'படிச்சுக் குடுங்க' என்றால் யாருக்கும் உற்சாகம் வராது.

எல்லாம் முடிந்ததும் ஒரு குறிப்புத் தாள் தயாரியுங்கள். பொருள் செம்பா ஓலையா காகிதமா, நீளம் அகலம், எத்தனை வரி, எந்தத் தேதியில் எங்கே பார்த்தது, வரி எண்ணோடு படி, எளிய தமிழில் செய்தி, சந்தேகங்கள். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று ஏதாவதொரு நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ, ஒன்று கட்டாயம் அந்த வீட்டுக்கு. வீட்டுப் பிரதியைப் பெரிய எழுத்தில் அச்செடுங்கள்.

நான் முதலில் சொன்ன பெரியவருக்கு அப்படி ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். கொடுத்தவர், வாங்கியவர், சாட்சிகள் பெயரையெல்லாம் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, "இத்தன நாள் வெச்சுக் காப்பாத்துனது நாங்க. நம்ம பேரு இதுல எங்கீங் தம்பி?" என்றார். பேனாவை எடுத்து அடியில் 'பாதுகாத்து வருபவர்' என்று ஒரு வரி எழுதி, அவர் பெயரையும் அன்றைய தேதியையும் போட்டுக் கொடுத்தேன். இப்போது என் குறிப்புத் தாள் எல்லாவற்றிலும், வீட்டார் சம்மதித்தால், அந்த வரி உண்டு.